அடுப்பேறிய கிலோ

கோலப்பன் சாருக்கு அந்த வாரம் நடையே மாறிப்போயிருந்தது. அரசு மாணவர் விடுதிகளுக்கு வேண்டிய சாமான்களை வாங்கும் அலுவலகத்தில் அவர்தான் கொள்முதல் அதிகாரி. ஆனால் தன் சொந்த அறைக்குள்ளேயே தோளைக் குறுக்கிக்கொண்டு நுழைகிற ஆள். உள்ளே யாராவது சிபாரிசோடு உட்கார்ந்திருப்பார்களோ என்று பயம். அரிசி டெண்டர் என்றால் கவுன்சிலரின் மச்சினன் வருவான். பால் டெண்டர் என்றால் எங்கேயோ இருக்கும் பெரிய மனிதர் ஒருவரின் டிரைவர் வருவான். யாருக்கும் முகத்துக்கு நேரே இல்லையென்று சொல்லத் தெரியாமல் அவருக்கு அல்சரே வந்துவிட்டது. அப்படிப்பட்ட மனிதர் இப்போது வராந்தாவில் விசிலடித்துக்கொண்டு வந்தார்.

"இனிமே ஒருத்தனும் என்கிட்ட, 'அண்ணாச்சி, நம்ம ஆளு, கொஞ்சம் பாத்துச் செய்யுங்க'ன்னு கேக்க முடியாது, கேட்டியா மக்ளே?" என்று ஆர்யாவின் மேஜையைத் தட்டினார். "ஃபார்முலாகிட்டப் போய்க் கேளுடேன்னு சொல்லிருவேன். அது மூஞ்சியப் பாக்காது, சாதியப் பாக்காது, கட்சியப் பாக்காது. வெள்ளிக்கிழமை கமிட்டி கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது கதை."

ஆர்யா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். பாராட்டினால் எங்கே பார்ப்பதென்று அவளுக்குத் தெரியாது. அந்த ஃபார்முலாவைச் செய்தவள் அவள்தான்.

அதற்கு முன்னால் விடுதிகளின் காய்கறி டெண்டரில் யார் விலை குறைவோ அவருக்கே வேலை. விலை குறைந்தது, கூடவே பீன்ஸ் வாடியது, கத்தரிக்காயில் புழு குடித்தனம் நடத்தியது. பிள்ளைகள் தட்டோடு வாசலில் உட்கார்ந்து மறியல் செய்து அது பேப்பரிலும் வந்துவிட்டது. விலையோடு தரத்தையும் நேரத்தையும் சேர்த்து எடைபோட ஒரு கணக்கு மாடல் வேண்டுமென்று மேலிடம் சொன்னது. புள்ளியியல் படித்துவிட்டுக் கரமனையில் வீட்டோடு இருந்த ஆர்யாவைத் தற்காலிக வேலைக்கு எடுத்தார்கள். மனிதர்களோடு பேசத்தான் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எண்களோடு அப்படியில்லை, அவற்றோடு அவள் மணிக்கணக்காகப் பேசுவாள்.

அவளுடைய மாடல் எளிமையானது. நூறு மார்க். விலைக்கு ஐம்பது, தரத்துக்கு முப்பது, சொன்ன நேரத்துக்கு வருவதற்கு இருபது. தரத்தை எப்படி அளப்பது? அதற்கும் வழி இருந்தது. இன்று என்ன காய் வந்தது, எப்போது வந்தது, எவ்வளவு திருப்பி அனுப்பப்பட்டது என்று விடுதிச் சமையலறைகள் ஒரு வருஷமாக மொபைல் ஆப்பில் பதிந்துகொண்டிருந்தன. நிறையத் திரும்பினால் மோசமான காய், ஒன்றும் திரும்பாவிட்டால் நல்ல காய். ஆர்யா அதைத் தரத்தின் அளவாக எடுத்துக்கொண்டாள். கமிட்டியில் பெரும்பாலோருக்கு அது பிடித்துப்போனது. எடுத்துச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை, அவ்வளவு நியாயமாகத் தெரிந்தது.

நான்கு பேர் டெண்டர் போட்டார்கள். நான்கு பேருமே அந்த ஒரு வருஷம் ஆளுக்குச் சில விடுதிகளுக்குக் காய் கொடுத்தவர்கள். இந்த முறை ஜெயிப்பவருக்கு மாவட்டத்தின் எல்லா விடுதிகளும், இரண்டு வருஷத்துக்கு. மாடல் முதலிடத்தில் வைத்தது பசுந்தளிர் ட்ரேடர்ஸ் என்ற பெரிய கம்பெனியை. கடைசியில் வைத்தது சாலை என்கிற பழைய மார்க்கெட்டில் கடை வைத்திருந்த ஒரு பெண்கள் குழுவை. மதிப்பெண்களை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள்.

ஒட்டின மறுநாளே அந்தக் குழுவின் தலைவி படியேறி வந்துவிட்டாள்.

"இங்க ஆர்யாங்கது யாரு?"

திருநெல்வேலிக் குரல். ஆபீஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஜன்னலுக்கு வெளியே தம்பானூர் ஸ்டேஷனில் ரயில் அறிவிப்பு மூன்று மொழியில் ஓடிக்கொண்டிருந்தது. அதையும் மீறி அந்தக் குரல் கேட்டது. ஐம்பது வயது மதிக்கலாம். இடுப்பில் செருகிய சேலை, கையில் புளிக்கறை மாதிரி காய்ச் சாறு ஏறிய விரல்கள்.

ஆர்யா பாதி எழுந்தாள். "நான்தான்."

"நான் சுடலைமாடத்தி. சாலையில காய்க்கடை. நாங்க கடைசியாமே? விலையில நாங்க ரெண்டாவது. பொறவு எப்படி மேடம் கடைசிக்குப் போனோம்? இது என்ன, சறுக்கு மரமா?"

அறைக்குள்ளிருந்து கோலப்பன் சார் குரல் கொடுத்தார். "அக்கா, அது கம்ப்யூட்டர் போட்ட மார்க்கு. இதுல மனுசன் கை படல."

"கை படலன்னா காலு பட்டிருக்கும்."

யாரோ சிரித்தார்கள். கோலப்பன் சார் கதவைச் சாத்திக்கொண்டார். டெண்டர் போட்டவர் தன் மதிப்பெண் வந்த விதத்தைப் பார்க்கலாம் என்பது விதி. அதனால் ஆர்யா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினாள்.

"விலைக்கு நல்ல மார்க்தான். நேரத்துல கொஞ்சம் குறைஞ்சிருக்கு. உங்க வண்டி அடிக்கடி லேட்."

"கிழக்கேகோட்டையத் தாண்டி காலம்பற வண்டி ஓட்டிப் பாரும், தெரியும். சரி, லேட்டுதான். அத ஒத்துக்கிடுதேன். வேற?"

"தரம். அதுலதான் ரொம்ப அடி. உங்க காய் நிறைய திரும்பியிருக்கு."

"திருப்பிவிட்டதுக்கா மார்க்கக் கொறைச்சிய?"

"ஆமா."

"அந்தப் பசுந்தளிர்க்காரனுக்கு?"

"முப்பதுக்கு முப்பது. ஒண்ணுமே திரும்பலை."

சுடலைமாடத்தி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சண்டையை எதிர்பார்த்து ஆர்யா நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் சண்டை வரவில்லை. அந்த அம்மாள் முகத்தில், புது ஊரில் எந்த பஸ் எங்கே போகும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டவர்களின் தெளிவு வந்தது.

"இவ்வளவுதானா? சரி. நாளையிலருந்து நாங்களும் திருப்பி எடுக்க மாட்டோம். எறக்கினா எறக்கினதுதான். அழுகலோ புழுவோ, சமைக்கவ பாடு. இந்தத் தடவ போச்சு, போவட்டு. அடுத்த டெண்டர்ல எங்களுக்கும் முப்பதுக்கு முப்பது. வாரேன், மேடம்."

கேலியாகச் சொல்லவில்லை. படி இறங்கும்போதே அவள், தன் குழுவின் வண்டியை ஓட்டும் இசக்கிப்பாண்டியைப் போனில் கூப்பிடுவது மேலே வரை கேட்டது. "ஏ இசக்கி, பூஜப்புரையில தக்காளிப் பெட்டிய மாத்திக் கேட்டா இல்லன்னு சொல்லிரு. ஆமாலே, இல்லன்னு சொல்லு. சர்க்கார் உத்தரவு."

ஆர்யா திரையை மறுபடி தன் பக்கம் திருப்பினாள். பசுந்தளிருக்கு நேரே திரும்பிய எடை வரிசையாகப் பூஜ்யம். ஒரு வருஷம், இத்தனை விடுதி, ஒரு வெண்டைக்காய்கூடத் திரும்பவில்லை. நேற்று வரை அந்தப் பூஜ்யங்கள் நல்ல பிள்ளைகள் மாதிரி கைகட்டி நின்றன. இப்போது பார்க்கும்போது எல்லாமே பொய்ச் சாட்சி மாதிரி இருந்தன. மழைக்காலத்தில்கூடவா ஒரு தக்காளி அழுகாது?

மறுநாள் காலையில் ஆபீசுக்குப் போகாமல், பசுந்தளிர் காய் கொடுக்கும் ஒரு பெண்கள் விடுதிக்குப் போனாள். ஒரு வருஷமாக அந்த விடுதி எழுதிய எண்களை வைத்துக் கணக்குப் போட்டவள், அதன் சமையலறையை அன்றுதான் பார்த்தாள். சமையல் பொறுப்பு பிரேமா என்பவளுக்கு. பாதி மலையாளமும் பாதி தமிழுமாகப் பேசுகிற, சிரித்த முகமுள்ள பெண். ஆபீசிலிருந்து வருகிறேன் என்றதும் அவள் முதலில் முகத்தைத் துடைத்தாள், பிறகு மேடையைத் துடைத்தாள்.

வண்டி சரியான நேரத்துக்கு வந்தது. நல்ல பெரிய வண்டி. டிரைவர் இறங்கியதும் பெட்டிகளை இறக்கவில்லை, ரசீதை நீட்டினான். பிரேமா நின்றபடியே கையெழுத்துப் போட்டாள். அதற்கப்புறம்தான் பெட்டிகள் இறங்கின.

"பார்க்காமலே கையெழுத்துப் போடுறீங்களே, சேச்சி?"

"ஒப்பிட்டாத்தான் இறக்கும், மோளே. இல்லேங்கில் வண்டி அப்படியே போகும். பிள்ளைகளுக்கு எதை வைக்க?"

தக்காளிப் பெட்டியின் மேல் அடுக்கு பார்க்க நன்றாக இருந்தது. கீழே போகப் போகக் கசிந்தது. பிரேமா ஒவ்வொன்றாக எடுத்து அமுக்கிப் பார்த்து, ஆகாததைப் பின்வாசலில் இருந்த நீல டிரம்மில் போட்டாள். பன்றிப் பண்ணைக்காரர் ஒருவர் தினமும் வந்து எடுத்துப் போவாராம். "அங்கே பன்னிகளுக்கு நல்ல சாப்பாடு" என்று சிரித்தாள்.

"இதை ஆப்பில் எழுத மாட்டீங்களா?"

"எங்கே எழுத? எவ்வளவு திருப்பி அனுப்பினதுன்னு ஒரு கட்டம் உண்டு. அவங்க திருப்பி எடுக்கலியே. அதனால பூஜ்யம் போடும். கள்ளம் எழுதப் பாடில்லல்லோ?"

பொய் எழுதக்கூடாது என்று நினைக்கிற பெண். அவள் எழுதியதும் பொய்யில்லை. கேள்விதான் தப்பு. அந்தக் கட்டத்தை வைத்துத் தரத்தை அளக்கலாம் என்று முடிவெடுத்தது ஆர்யா. காயைத் திருப்பி எடுத்துக்கொண்டு நல்லதை மாற்றிக் கொடுப்பவள் மோசமானவள் ஆனாள். திருப்பியே எடுக்காதவன் நூற்றுக்கு நூறு உத்தமன் ஆனான்.

"சேச்சி, தராசு இருக்கா?"

"உண்டு. எதுக்கு?"

"இந்த டிரம்மை நிறுக்கணும்."

பிரேமா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "வெள்ளைச் சுரிதார் இட்டுட்டா?"

இருவரும் சேர்ந்து டிரம்மைத் தூக்கி வைத்தார்கள். சுரிதார் போனது போனதுதான். வந்த தக்காளியில் கிட்டத்தட்ட கால் பங்கு டிரம்முக்குள் இருந்தது. ஆர்யா அங்கேயே அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். முப்பது ரூபாய்க்கு ஒரு கிலோ வாங்குகிறோம். அடுப்பில் ஏறுவது முக்கால் கிலோ. அப்படியானால் சமைக்கிற ஒரு கிலோ தக்காளியின் விலை முப்பது இல்லை, நாற்பது. முப்பத்துநான்குக்குக் கொடுத்து, கெட்டதை மாற்றியும் தருகிற சுடலைமாடத்திதான் உண்மையில் விலை குறைவு. விலை, தரம் என்று இரண்டு கட்டம் எதற்கு? இரண்டையும் ஒன்றாக்கலாம். வாங்கின காய்க்குக் கொடுத்த பணத்தை, அடுப்பேறிய கிலோவால் வகுத்தால் போதும்.

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் பூஜப்புரை விடுதி வரைதான் நீடித்தது. அது சுடலைமாடத்தியின் குழு காய் கொடுக்கும் இடம். அங்கே வாசலில் வார்டனும் இசக்கிப்பாண்டியும் ஒரு பெட்டித் தக்காளியை நடுவில் வைத்துக்கொண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எத்தனை நாளா மாத்திக் குடுக்குறே? இன்னைக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

"எங்கிட்டக் கேக்காதீங்க, வார்டனம்மா. சர்க்கார் உத்தரவு. மேல எவளோ ஒரு மேடம் போட்டுருக்கா."

ஆர்யா கேட்டுக்குள் நுழையாமல் அப்படியே திரும்பினாள். மாடலில் இன்னும் கையெழுத்தே ஆகவில்லை. அதற்குள் அது ஒரு நல்ல வழக்கத்தைக் கெடுத்துவிட்டது.

அன்று மத்தியானம் கோலப்பன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முதலில் சுரிதாரில் இருந்த தக்காளிக் கறையைத்தான் பார்த்தார். அப்புறம் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"மக்ளே, நான் சொல்லுகத முழுசாக் கேளு. டெண்டர் தொறந்த பொறவு மார்க் போடுற விதத்த மாத்த முடியாது. மாத்தினா நேரே கோர்ட்டு. உனக்கு அது தெரியும்."

"தெரியும் சார். மாத்தச் சொல்லலை. ரத்து பண்ணிட்டு, சரி பண்ணி, திரும்ப டெண்டர் விடலாம்னு…"

"யாரு விடுவா? நாளைக்கு கமிட்டியில நீயே எந்திரிச்சு என் மாடல் தப்புன்னு சொன்னா, அவங்க மாடலத் திருத்த மாட்டாங்க. தூக்கிக் குப்பையில போட்டுட்டு, பழையபடி விலை மட்டும் பாத்தாப் போதும்னுருவாங்க. பழையபடி மச்சினன் வருவான், டிரைவர் வருவான்." அவர் குரல் இறங்கியது. "உன் வேலையும் மாசக் கடைசியோட முடியுது. மாடல் நல்லாருக்குன்னாத்தான் நீட்டிப்பு. இப்ப வாய மூடிட்டு இரு. ரெண்டு வருஷம் கழிச்சு, சத்தம் போடாம சரி பண்ணிக்கலாம்."

"ரெண்டு வருஷம் அந்தப் பிள்ளைங்க என்ன சாப்பிடும் சார்?"

கோலப்பன் சார் மேஜை இழுப்பறையைத் திறந்து அல்சர் மாத்திரையைத் தேடினார்.

வெள்ளிக்கிழமை கமிட்டி கூடியது. தலைமை நிதி அதிகாரி சேஷன். கோட்டைக்குள் அக்ரஹாரத்து வீட்டிலிருந்து நடந்தே ஆபீஸ் வருகிறவர். எதிலும் அவசரப்பட மாட்டார். சிரிக்கவும் மாட்டார். பேனாவின் மூடியைக் கழற்றி, கையெழுத்துக்குத் தயாராக வைத்துவிட்டு, "வேற ஏதாவது உண்டா?" என்று வழக்கம்போலக் கேட்டார். யாரும் எப்போதும் பதில் சொல்லாத கேள்வி அது.

"உண்டு சார்" என்றாள் ஆர்யா.

குரல் அவளுக்கே கேட்கவில்லை. சேஷன் காதைத் திருப்பினார். இரண்டாவது தடவை கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. எழுந்து நின்று சொன்னாள். தரத்தை அளக்கத் தான் எடுத்த அளவு தவறு. திரும்பிய காய் மோசமான காயைக் காட்டவில்லை, திருப்பி எடுக்கும் மனசைக் காட்டுகிறது. விடுதியில் நிறுத்துப் பார்த்ததைச் சொன்னாள், தக்காளிக் கணக்கைச் சொன்னாள்.

சேஷன் பேனாவைக் கீழே வைத்தார். "அந்தக் காய்க்காரி உன்னைப் பார்க்க வந்தாளாமே?"

"வந்தாங்க சார். சண்டை போட."

"இப்போ நீ சொல்ற புதுக் கணக்குல அவதான் ஜெயிப்பாளோ?"

"தெரியாது சார். ஒரு விடுதியில நிறுத்ததையும், மத்தவங்களுக்கு ஆப்புல இருக்குற எடையையும் வெச்சு சும்மா போட்டுப் பார்த்தா, அவங்க முதல்ல வரலை. அவங்க வண்டி ரொம்ப லேட். வேற ஒருத்தர் வர்றார். ஆனா ஒரு விடுதிய வெச்சு எதுவும் சொல்லக்கூடாது."

"ம்." சேஷன் பேனாவை மூடினார். "அம்மா, நான் சொல்றேன்னு தப்பா நினைச்சுக்காதே. எனக்கு ஆரம்பத்துலேர்ந்தே இந்த மாடல், கீடல்ல நம்பிக்கை இல்லை. போன வாரம் இதுதான் சத்தியம்னே. இந்த வாரம் தப்புங்கறே. பேசாம பழையபடி விலையை மட்டும் பார்த்துட்டுப் போயிடலாமே? அதுல தப்புன்னு ஒண்ணு வராது பாரு."

கோலப்பன் சார் கண்ணை மூடிக்கொண்டார். தான் சொன்னது அப்படியே நடக்கிறது என்று அவருக்கு.

ஆனால் இது எண்களைப் பற்றிய கேள்வி. அதற்கு ஆர்யாவிடம் பதில் இருந்தது.

"விலை மட்டும்னு வெச்சாலும் அதுவும் ஒரு மாடல்தான் சார். விலைக்கு நூறு மார்க், மத்த எல்லாத்துக்கும் பூஜ்யம். அதுலயும் தப்பு இருந்துச்சு. பிள்ளைங்க தட்டோட வாசல்ல உட்கார்ற வரைக்கும் நமக்குத் தெரியலை, அவ்வளவுதான். இதுல தப்பு எந்த இடத்துல இருக்குன்னு நம்மளால விரலை வெச்சுக் காட்ட முடியுது. காட்ட முடிஞ்சா திருத்தவும் முடியும்."

வெளியே நாகர்கோவில் பாசஞ்சர் புறப்படப்போவதாக அறிவிப்பு ஓடியது.

அப்போது கோலப்பன் சார் தொண்டையைச் செருமினார். ஆர்யா அவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுகை வந்துவிடும் போலிருந்தது.

"சார், நான் ஒண்ணு சொல்லட்டா? நேத்து சாயங்காலம் நானும் ஒரு விடுதிக்குப் போனேன். இந்தப் பிள்ளை சொன்னது உள்ளதான்னு பாக்க. டிரம்ம எட்டிப் பாத்தேன். என் சட்டையப் பாருங்க, கறை இன்னும் போகல. கையெழுத்துப் போட்டா இதுக்கும் சேர்த்துத்தான் போடணும். எனக்குப் போட மனசில்ல."

சேஷன் அவர் சட்டையைப் பார்த்தார், ஆர்யாவைப் பார்த்தார். "கொள்முதல் பிரிவு மொத்தமும் டிரம்முக்குள்ளதான் இருந்ததோ?" என்றார். அவர் வாயிலிருந்து ஒரு வேடிக்கை வந்ததை நம்ப எல்லோருக்கும் கொஞ்ச நேரம் பிடித்தது.

பிறகு அவர் சொன்னது எல்லாம் சுருக்கமாக இருந்தது. டெண்டர் ரத்து. எல்லா விடுதிகளிலும் ஒரு மாசம் அடுப்பேறிய காயை நிறுத்து எழுத வேண்டும். கெட்ட காயைத் திருப்பி எடுத்து மாற்றிக் கொடுப்பது இனி எல்லோருக்கும் கட்டாயம், அதற்கு மார்க் குறையாது. புது மாடலை டெண்டருக்கு முன்னாலேயே வியாபாரிகளுக்குக் காட்ட வேண்டும். அவர்கள் குறை சொன்ன பிறகுதான் டெண்டர். "அது வரைக்கும் இந்தப் பொண்ணு இருக்கட்டும்" என்று கோப்பின் ஓரத்தில் எழுதினார். எழுதிவிட்டு, "யார் ஜெயிச்சாலும் எனக்குக் கவலையில்லை. எப்படி ஜெயிச்சான்னு கேட்டா என்னால சொல்ல முடியணும்" என்றார்.

மழை பிடித்த பிறகுதான் வியாபாரிகள் கூட்டம் நடந்தது. ஆர்யா புது மாடலைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தாள். இப்படிப் பலபேர் முன்னால் நிற்பது அவளுக்கு முதல் தடவை. என்ன கேட்பார்களோ என்று முந்தின நாள் முழுக்க யோசித்து வைத்திருந்த கேள்விகளில் ஒன்றைக்கூட யாரும் கேட்கவில்லை. எல்லாம் வேறு கேள்விகள்.

முதலில் எழுந்தது பசுந்தளிரின் மேனேஜர் கிரீஷ். இஸ்திரி கலையாத சட்டை. "மேடம், திருப்பி எடுக்கச் சொல்றீங்க, எடுக்கிறோம். விலை கூடும். அது ஓக்கே. ஆனா அடுப்பில் ஏறினதை நிறுத்தா, பூசணிக்காயும் சேனையும் கொடுக்கிறவன் மாட்டிக்கும். தோல் போனா பாதி போச்சு."

"நல்லாக் கேளுய்யா!" என்று எதிர் வரிசையிலிருந்து சுடலைமாடத்தி கத்தினாள். "பூசணிக்காய்க்குத் தோல நானா ஒட்டுனேன்? சாமி குடுத்தது."

போட்டிக்காரர்கள் இருவரும் ஒரே பக்கம் நின்றதைப் பார்த்து அரங்கு சிரித்தது. ஆர்யா இதை யோசிக்கவே இல்லை. ஒரு கணம் பழைய பயம் வந்தது. மறு கணமே பேனாவை எடுத்து, தோலையும் காம்பையும் தனியாக நிறுக்க வேண்டும், கெட்டதை மட்டுமே கழிக்க வேண்டும் என்று எல்லோர் கண் முன்னாலும் மாடலைத் திருத்தி எழுதினாள்.

கிரீஷ் உட்காரவில்லை. "பின்னே, கல்லாறு பக்கத்து விடுதி. மலையடிவாரம். அங்கே நேரத்துக்கு யார் போக முடியும்? இவங்க வண்டி அங்கே ஏறவே ஏறாது."

"எங்க வண்டி ஏறாதுதான். ஒம்ம வண்டி சாலை சந்துக்குள்ள நுழையுமா? நுழைஞ்சு காட்டும் பாப்போம்!"

இதுவும் அவளுக்குத் தோன்றாத ஒன்று. மாவட்டம் முழுவதற்கும் ஒரே ஆள் என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. எப்போதும் அப்படித்தான் இருந்தது, அவ்வளவுதான். ஆர்யா சுவரில் நடுவாக ஒரு கோடு போட்டாள். நகரத்து விடுதிகள் ஒரு பக்கம், மலைப்பக்கத்து விடுதிகள் மறுபக்கம். இரண்டுக்கும் தனித்தனி டெண்டர். பின்வரிசையில் இருந்த கோலப்பன் சார் எழுந்து நின்று பார்த்தார். சேஷன் ஏதோ குறித்துக்கொண்டார்.

கூட்டம் முடியும்போது தாளில் வெட்டும் திருத்தமுமாக மாடல் சந்தைக்குப் போய் வந்த கோழி மாதிரி இருந்தது. ஆர்யாவுக்கு அது முன்பைவிட அழகாகத் தெரிந்தது. இனி இதில் தப்பிருந்தால் கண்டுபிடிக்க அவள் ஒருத்தி மட்டும் இல்லை, ஒரு அரங்கமே இருக்கிறது.

தாளைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தாள். வராந்தாவின் கோடியில், மழைத் தூறல் படாத இடத்தில், சுடலைமாடத்தியும் அவள் குழுப் பெண்களும் வட்டமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் டெண்டருக்கு விலை எழுதும் காகிதம். ஒருத்தி போனில் கணக்குப் போட, இன்னொருத்தி விரலை மடக்கி அதைச் சரிபார்த்தாள்.

"முப்பத்தஞ்சு போட்டா?"

"ஏட்டி, முப்பத்தஞ்சு போட்டு, வண்டியும் லேட்டானா எங்க போய் நிக்கும்? முப்பத்துமூணு போடு. வண்டிய அரைமணி முன்னக்கூட்டி எடுக்கச் சொல்லுவோம். இசக்கி தூக்கத்தக் கொறைக்கட்டும்."

ஆர்யா நெருங்கியதும் சுடலைமாடத்தி சட்டென்று காகிதத்தைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏ பிள்ளே, அங்கிட்டுப் போ. நீ இதப் பாக்கக்கூடாது."

"பார்க்கலை" என்று ஆர்யா முகத்தைத் திருப்பிக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல், மழைக்குள் இறங்கினாள். பின்னால் அவர்கள் மறுபடி முதலிலிருந்து கணக்குப் போடத் தொடங்கினார்கள்.